வீடு அவளுடையது: ஹோப்பிப் பெண்களும் மக்காச்சோளமும்

1894 மார்ச்சில் அரிசோனாவின் வடகிழக்கு மூலையிலிருந்து வாஷிங்டனுக்கு ஒரு விண்ணப்பம் போனது. பெயர் எழுதிக் கையெழுத்திடுவதற்குப் பதிலாக ஊர்ப் பெரியவர்கள் தங்கள் குலச்சின்னங்களை நூற்றுக்கும் மேல் அதன் அடியில் வரைந்திருந்தார்கள். அமெரிக்கப் பழங்குடியினரான ஹோப்பி மக்களின் நிலத்தைத் துண்டு போட்டு ஆளுக்கொரு பங்காகப் பட்டா கொடுத்துவிடலாம் என்று அமெரிக்க அரசு திட்டமிட்டிருந்த நேரம் அது. வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட அந்த விண்ணப்பம், ஏன் வேண்டாம் என்பதையும் விளக்கியது. குடும்பம், வீடு, வயல் மூன்றையும் தனித்தனியே பிரிக்க முடியாது. மூன்றுக்கும் நெஞ்சாக இருப்பவள் பெண். எங்கள் உறவு தாய் வழியில் வருவதால் உடைமையெல்லாம் அவளுடையது. ஆண் வீட்டைக் கட்டுகிறான், ஆனாலும் வீட்டுக்காரி அவள்தான், ஏனெனில் அதைப் பழுதுபார்த்துக் காப்பவள் அவள். ஆண் பயிர் செய்கிறான், விளைச்சலை அவள் கையில் கொடுத்துவிடுகிறான்.

நிலம் பற்றிய ஒரு வழக்கில் வீட்டைப் பற்றி இவ்வளவு பேச வேண்டியிருந்தது ஏன் என்பது ஹோப்பி வீட்டுக்குள் நுழைந்து பார்த்தால்தான் புரியும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே போன படக்காரர்களும் பயணிகளும், அம்மியின் முன் மண்டியிட்டு மாவரைக்கும் பெண்ணைத்தான் திரும்பத் திரும்பப் படம் பிடித்தார்கள். பார்த்தவர்களில் பலர் அதை அடிமை வேலை என்று நினைத்தார்கள். அந்த அம்மி, அந்த அறை, அரைபட்ட மக்காச்சோளம் எல்லாமே அவளுக்குச் சொந்தம் என்பது படத்தில் விழவில்லை.

ஹோப்பி ஊர்கள் மேசா எனப்படும் தட்டையான பாறைமேடுகளின் உச்சியில் இருக்கின்றன. மேசா என்றால் ஸ்பானிய மொழியில் மேசை. போர்த்துகீசியர் வழியாக நமக்கு வந்த மேசையும் அதே சொல்தான். கிழக்கிலிருந்து மேற்காக முதல், இரண்டாம், மூன்றாம் மேசா என்று எண்ணுவார்கள். முதல் மேசாவில் வால்பி, மூன்றாவதில் ஒராய்பி. ஒராய்பியில் பன்னிரண்டாம் நூற்றாண்டு முதல் மக்கள் விடாமல் குடியிருக்கிறார்கள். அமெரிக்காவின் மிகப் பழைய ஊர்களில் அது ஒன்று. 1900 வாக்கில் எல்லா ஊர்களிலும் சேர்த்து ஏறத்தாழ 2,000 பேர் இருந்தார்கள். ஆண்டுக்கு 250 மில்லிமீட்டர் மழை பெய்தால் பெரிது. ஆற்றுப் பாசனம் கிடையாது. மணலுக்கடியில் ஈரம் தேங்கும் ஆழம் வரை கோலால் குழி தோண்டி விதை போடுவார்கள். அப்படிப்பட்ட இடத்தில் விளையும் ஒவ்வொரு கதிரும் யார் கைக்குப் போகிறது என்பது சின்ன விஷயமாக இருக்க முடியாது.

கல்யாணமானதும் மாப்பிள்ளை மாமியார் வீட்டுக்கு வந்துவிடுவார். பாட்டி, அம்மா, அவளுடைய பெண்கள், அவர்களின் கணவர்கள், பிள்ளைகள் எல்லாரும் ஒட்டி ஒட்டிக் கட்டிய அறைகளில் வாழ்வார்கள். இன்னொரு மகளுக்குக் கல்யாணமானால் பக்கத்திலோ மேலேயோ இன்னோர் அறை எழும்பும். பிள்ளைகள் தாயின் குலம். மணவாழ்வு ஒத்துவராவிட்டால் ஆண்தான் கிளம்பித் தன் தாய் வீட்டுக்குப் போவார். வீடும் பிள்ளைகளும் தானியமும் இருந்த இடத்திலேயே இருக்கும். தாய் வீட்டுடன் ஆணுக்குள்ள தொடர்பு கல்யாணத்தோடு அறுவதில்லை. சடங்கிலும் சச்சரவிலும் அவர் பேச்சு எடுபடுவது அக்காள் தங்கை வீட்டில்தான். பிள்ளைகளைக் கண்டிக்கும் பொறுப்பு தாய்மாமனுக்கு. கொஞ்சுவதும் கேலி செய்வதும் பெயர் வைப்பதும் அத்தைமாரின் உரிமை. அம்மாவின் சகோதரிகளும் அம்மாக்களே. ஆங்கிலத்தில் இதை எழுதிய ஆய்வாளர்கள் தாயின் சகோதரன், தந்தையின் சகோதரி என்று ஒவ்வொரு முறையும் விரித்து எழுத வேண்டியிருந்தது. தாய்மாமன், அத்தை, சின்னம்மா என்று சொல்லிப் பழகியவர்களுக்கு அந்தச் சிரமம் இல்லை.

ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு மூத்த வீடு உண்டு. குலத்தின் புனிதப் பொருள்கள் அங்கேதான் இருக்கும். அவற்றைப் பார்த்துக்கொள்பவள் அந்த வீட்டின் மூத்த பெண், குலத்தாய்; அவற்றை வைத்துச் சடங்கு நடத்துபவர் பெரும்பாலும் அவளுடைய சகோதரர். ஆக வீடு என்பது படுக்கவும் சமைக்கவுமான இடம் மட்டுமல்ல. குலத்தின் கோயிலும் களஞ்சியமும் அதுவே.

கல்லை உடைத்துக் கொண்டுவருவதும், தொலைவிலிருந்து உத்தரக் கட்டைகளைச் சுமந்து வருவதும் ஆண்களின் வேலை. மண் குழைப்பதும் சுவருக்குப் பூசுவதும் தரை மெழுகுவதும் பெண்களுடையது. பூச்சு வெறுங்கையால்தான், பழைய சுவர்களில் விரல் ஓடிய தடம் தெரியும். கூரைக்குக் கட்டைமேல் சுள்ளி, சுள்ளிமேல் புல், புல்மேல் மண். மழைக்குப் பின் அதைச் சரிசெய்வதும் அவர்கள்தான். விண்ணப்பத்தில் 'பழுதுபார்த்துக் காப்பவள்' என்று எழுதியிருந்தது இதைத்தான். முன்பு தரைத்தளத்துக்கு வாசல் கிடையாது. ஏணியில் ஏறிக் கூரைத் துவாரம் வழியே இறங்க வேண்டும். 1900-க்குள் கீழேயே கதவும், சில வீடுகளில் கண்ணாடிச் சன்னலும் இரும்பு அடுப்பும் வந்துவிட்டன.

வீட்டின் மையம் அம்மிகள். ஒன்றல்ல, பெரும்பாலும் மூன்று. கற்பலகைகளால் தொட்டி மாதிரி கட்டி, அதற்குள் அம்மிகளைச் சாய்வாகப் பதித்திருப்பார்கள். முதலாவது சொரசொரப்பு, கடைசி மழமழப்பு. பாதத்தைப் பின்சுவரில் முட்டுக் கொடுத்து மண்டியிட்டு, குழவியை இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழும் தள்ள வேண்டும். முதல் கல்லில் உடைபட்ட நொய்யை வாணலியில் வறுத்து அடுத்த கல்லுக்கு மாற்றுவார்கள். கடைசிக் கல்லில் இறங்கும் மா முகத்துக்குப் பூசும் பவுடர் மாதிரி இருக்கும். இதற்கு நாளொன்றுக்கு இரண்டு மூன்று மணி நேரம் போகும்; விழா நெருங்கினால் இன்னும் அதிகம். தோளும் இடுப்பும் மூட்டும் தேய்கிற வேலை. அதைக் கவிதையாக்கிச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் தனியாக அரைப்பது குறைவு. அக்காள் தங்கைகள், சின்னம்மா மகள்கள் வரிசையாக அமர்ந்து அரைப்பார்கள். அதற்கென்றே பாட்டுகள் உண்டு. குழவி போகும் வேகத்துக்குத்தான் தாளம். இரவில் பையன்கள் வந்து சுவரிலுள்ள சிறு துவாரம் வழியே அரைக்கும் பெண்ணோடு பேசுவதும் உண்டு. ஊரில் பல காதல்கள் மாவரைக்கும் அறையில்தான் தொடங்கின.

மாவிலிருந்து வரும் உச்சப் பண்டம் பிகி. நீல மக்காச்சோள மாவையும், ஜூனிப்பர் போன்ற செடியை எரித்த சாம்பல் கரைத்த நீரையும் கலந்து நீர்க்கக் கரைத்துக்கொள்வார்கள். சாம்பல் நீர் சேர்ந்தால்தான் அந்த நீலநிறம் நிற்கும், இல்லையேல் மங்கிவிடும். நன்றாகச் சூடேறிய வழவழப்பான கற்பலகையில் கரைசலைக் கையில் அள்ளி ஒரே வீச்சில் இழுப்பார்கள். கரண்டியோ துணியோ கிடையாது. விரல்களேதான் கல்லை உரசிப் போகும். நொடியில் வெந்து, தாளைவிட மெல்லிய ஏடாக உரிந்து வரும். அதைச் சுருட்டி அடுக்குவார்கள். ஈரமில்லாததால் நாள்பட வைத்திருக்கலாம், வழிப்பயணத்துக்கும் ஆகும். கை சுடாமல் இருக்க மந்திரம் எதுவும் கிடையாது. பலமுறை சுட்டுப் பழகிய கைதான். பிகி இழுக்கத் தெரிந்த பெண் என்றால் ஊரில் தனி மதிப்பு.

கல்லைத் தயாரிப்பது அதைவிடப் பெரிய வேலை. பொருத்தமான மணற்கல்லைத் தேடி எடுத்து, வாரக்கணக்கில் தேய்த்து வழவழப்பாக்கி, நெருப்பில் சூடேற்றி, எண்ணெய் கசியும்படி வறுத்த விதைகளை அரைத்துப் பூசிப் பூசிக் கறுக்க வைப்பார்கள். பழகும்போதே விரிசல் விட்டால் உழைப்பு எல்லாம் வீண். நன்றாக அமைந்த கல் தாயிடமிருந்து மகளுக்குப் போகும். பல வீடுகளில் பிகிக்கென்றே புகைக்கூண்டு வைத்த சிறு அறை தனியாக இருந்தது. ஒரு குடும்பத்தின் சொத்துப்பட்டியலை நான் எழுத நேர்ந்தால் இந்தக் கல்லைத்தான் முதலில் எழுதுவேன்.

அறுவடைக் கதிர் வீட்டுக்கு வந்தால் அதன் கணக்கு பெண்ணுடையது. மஞ்சள் வடமேற்குக்கு, நீலம் தென்மேற்குக்கு, சிவப்பு தென்கிழக்குக்கு, வெள்ளை வடகிழக்குக்கு என்று திசைகளோடு சேர்த்தே நிறங்களைச் சொல்வார்கள். நிறவாரியாகச் சுவரோரம் விறகு அடுக்குவது போல அடுக்கிவைப்பாள். பழைய சரக்கை முன்னால் எடுத்து, புதியதைப் பின்னால் வைத்து, ஒரு பருவம் பொய்த்தாலும் பசி வராத அளவு இருப்பு வைப்பது நல்ல இல்லத்தரசிக்கு இலக்கணம். விதைக்கு எதை ஒதுக்குவது, விருந்துக்கு எதை எடுப்பது, பண்டமாற்றுக்கு எவ்வளவு கொடுப்பது எல்லாம் அவள் முடிவு. உழுது விதைத்தவர்கூட அவளைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

தண்ணீர்தான் கொடுமை. சுனைகள் மேட்டின் அடிவாரத்தில். முதல் மேசா சமவெளியிலிருந்து ஏறத்தாழ 180 மீட்டர் உயரம். நெற்றியில் மாட்டிய பட்டையில் மண்குடுவையைத் தொங்கவிட்டு முதுகில் சுமந்தபடி பாறைப்படிகளில் ஏறி வருவார்கள். கோடையில் சுனை சொட்டுச் சொட்டாகத்தான் ஊறும்; முறைவைத்துக் காத்திருக்க வேண்டும். மழை பெய்தால் பாறைக் குழிகளில் தேங்கியதை மொண்டு வருவதற்குப் போட்டி. இந்த ஒரு வேலையிலிருந்து கழுதையும் பிறகு குழாயும் அவர்களை விடுவித்ததில் இழந்தது என்று எதுவும் இல்லை.

நூல் நூற்பதும் நெய்வதும் இங்கே ஆண்களின் வேலை. பெண் உடுத்தும் கறுப்புக் கம்பளி ஆடையை நெய்து கொடுப்பவர் அப்பாவோ கணவரோ தாய்மாமனோதான். வலது தோளில் முடிந்து இடது தோளைத் திறந்துவிட்டு, இடுப்பில் சிவப்புப் பட்டை கட்டுவார்கள். பெண்களின் கைத்தொழில் மேசாவுக்கு மேசா மாறும். முதல் மேசாவில் மண்பாண்டம், இரண்டாவதில் புல்லைச் சுருட்டிச் சுற்றித் தைக்கும் தட்டுக்கூடை, மூன்றாவதில் குச்சிகளால் பின்னும் கூடை.

பாண்டம் என்றால் நாம்பேயோ பெயர் வராமல் இருக்காது. முதல் மேசாவில் ஹானோ என்ற ஊரில் 1859 வாக்கில் பிறந்தவர். அம்மா மக்காச்சோளக் குலம், அப்பா பாம்புக் குலம். பெயர் வைப்பது அப்பா வழிப் பெண்கள் என்பதால் 'கடிக்காத பாம்பு' என்ற பொருளில் பெயர் கிடைத்தது. அருகிலிருந்த சிக்யாட்கி என்ற அழிந்த ஊரின் பழைய ஓடுகளிலிருந்த வடிவங்களை அவர் எடுத்துப் புதிதாக வரையத் தொடங்கினார். 1895-இல் ஃப்யூக்ஸ் என்ற தொல்லியலாளர் அங்கே அகழ்ந்தபோது முழுப் பானைகளே கண்ணுக்குக் கிடைத்தன. யுக்கா என்ற பாலைநிலச் செடியின் இலையை நுனியில் மென்று நாராக்கியதுதான் தூரிகை, சுடுவதற்கு ஆட்டுச்சாணம். 1905-இல் கிராண்ட் கேன்யனில் சுற்றுலா நிறுவனம் ஒன்று ஹோப்பி வீடு மாதிரி கட்டிய கடையில் குடும்பத்தோடு தங்கிப் பானை வனைந்து காட்டினார். பிற்காலத்தில் பார்வை குன்றியபோது கைத்தடவலால் வனைவார், மகள்கள் வரைவார்கள். 1942-இல் இறந்தார். அவர் வழிவந்த பெண்கள் இன்றும் வனைகிறார்கள். மேசாவுக்குப் பணம் என்ற ஒன்று வரத் தொடங்கிய காலத்தில் அது பெண்கள் கை வழியாகவும் வந்தது என்பதை இந்தக் குடும்பம் காட்டுகிறது.

பெண் வயதுக்கு வந்தால் நான்கு நாள் மாவரைக்கும் நோன்பு. அதன்பின் காதுகளுக்கு மேலே தலைமுடியை இரண்டு பெரிய வட்டங்களாகச் சுருட்டி விடுவார்கள். வண்ணத்துப்பூச்சியின் இறக்கை போலிருக்கும். கல்யாணம் ஆகும்வரை அந்தக் கொண்டை. யாரைக் கட்டுவது என்பதில் முதல் அடியைப் பெண்ணே எடுக்கலாம். இனிப்பு மாக்கட்டி ஒன்றைச் செய்து விரும்பிய பையனுக்குக் கொடுத்தால் பேச்சு தொடங்கிவிட்டது என்று பொருள்.

கல்யாணம் மணமகன் வீட்டில் நடக்கும். மணப்பெண் அங்கே போய் மூன்று நாள் மாவரைப்பாள், நிமிராமல். இடையில் ஒருநாள் மாப்பிள்ளையின் அத்தைமார் கூட்டமாக வந்து வீட்டின்மேல் சேற்றை வாரி அடிப்பார்கள். எங்கள் பையனைத் திருடிவிட்டாள், சோம்பேறி, சமைக்கத் தெரியாதவள் என்று கத்துவார்கள். மாமியார் மேலும் மாமனார் மேலும் சேறு பறக்கும். எல்லாம் சிரிப்போடுதான். நான்காம் நாள் விடியலில் இருவர் தலைமுடியையும் ஒரே பாத்திரத்தில், நுரைக்கும் யுக்காக் கிழங்கு கரைத்த நீரில் அலசி, முடியோடு முடி கலந்து முடிவார்கள். பாறை விளிம்புக்குப் போய்ச் சூரியனை வணங்கித் திரும்பினால் அவர்கள் கணவன் மனைவி. பூச்சிக் கொண்டை போய் மணமானவளுக்குரிய முடியலங்காரம் வரும்.

ஆனால் அவள் உடனே தாய் வீடு திரும்புவதில்லை. மாப்பிள்ளையின் அப்பாவும் மாமன்களும் பருத்தியை நூற்று அவளுக்காக நெய்து முடிக்கும்வரை, வாரக்கணக்கில், அந்த வீட்டிலேயே சமைத்து அரைத்துக்கொண்டிருப்பாள். பெரிய வெள்ளைப் போர்வை ஒன்று, சிறியது ஒன்று, நீண்ட குஞ்சம் தொங்கும் கச்சை, வெள்ளை மான்தோல் காலணி. சிறிய போர்வையையும் கச்சையையும் நாணல் பாயில் சுருட்டிக் கையில் ஏந்தி, பெரியதைப் போர்த்திக்கொண்டு தாய் வீட்டுக்கு நடப்பாள். மாப்பிள்ளை பின்னால் வந்து சேர்வார். நெய்ததற்கு ஈடாகப் பெண்வீட்டார் மாவும் கூடைத்தட்டுகளும் மலைமலையாகக் குவித்து அனுப்புவார்கள். அந்தப் போர்வையை அவள் வாழ்நாள் முழுக்கப் பத்திரமாக வைத்திருப்பாள். இறந்தபின் மறுவுலகுக்கு அவளைக் கொண்டுசேர்ப்பது அதுவே என்பது நம்பிக்கை.

குழந்தை பிறந்தால் இருபது நாள் தாயும் சேயும் வெயில் படாத அறையில். பிள்ளையின் பக்கத்தில் மணி குறையாத மக்காச்சோளக் கதிர் ஒன்று படுத்திருக்கும். அதுவும் ஒரு தாய். பார்த்துக்கொள்வது அப்பாவைப் பெற்ற பாட்டி. இருபதாம் நாள் இருட்டோடு அத்தைமார் வந்து குழந்தையின் தலையைக் கழுவி ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். பல பெயரில் ஒன்று ஒட்டிக்கொள்ளும். பிறகு மேட்டின் விளிம்பில் நின்று உதிக்கும் சூரியனுக்குக் குழந்தையைக் காட்டுவார்கள்.

பெண்ணிடம் வீடும் தானியமும் இருந்ததால் எல்லா அதிகாரமும் அவளிடம் இருந்தது என்று எழுதிவிடக் கூடாது. ஊர்த் தலைமையும் பெரும்பாலான சடங்குத் தலைமையும், நிலத்தடிச் சடங்கு அறையான கீவாவும் ஆண்கள் வசம். பெண்களுக்கும் மராவ், லாகோன், ஓவாகோல் என்று சொந்தச் சங்கங்கள் இருந்தன. இலையுதிர் காலத்தில் கூடைகளை ஏந்தி ஆடுவார்கள். 1898-99-இல் பெரியம்மை வந்து பல வீடுகளைக் காலி செய்தது. வறட்சி வந்த ஆண்டுகளில் எவ்வளவு சேமித்தாலும் போதவில்லை.

இந்த வீட்டைத்தான் அரசின் திட்டங்கள் ஒவ்வொன்றும் வந்து முட்டின. பட்டா வந்தால் நிலம் குடும்பத் தலைவன் பெயருக்குப் போகும். ஹோப்பி வழக்கில் அப்படியொரு தலைவனே கிடையாது. 1887-இல் கீம்ஸ் கேன்யனில் விடுதிப்பள்ளி திறந்தது. அங்கே பெண்பிள்ளைகளுக்குத் தையலும் கோதுமை ரொட்டியும் துணி வெளுப்பும் கற்பித்தார்கள். ஒரு சிறுமி தாயோடும் சின்னம்மாக்களோடும் அம்மி முன்னால் கழிக்க வேண்டிய ஆண்டுகள் அவை. பிள்ளைகளை அனுப்ப மறுத்ததற்கும் நிலப் பங்கீட்டை எதிர்த்ததற்கும் ஒராய்பியைச் சேர்ந்த 19 ஆண்களை 1895 ஜனவரியில் அல்காட்ராஸ் தீவுச் சிறையில் அடைத்தார்கள். அரசோடு ஒத்துப்போகும் தரப்பு, எதிர்க்கும் தரப்பு என்று ஊர் இரண்டாகப் பிளந்தது. 1906 செப்டம்பரில், யார் வெளியேறுவது என்பதை ரத்தம் சிந்தாமல் முடிவுசெய்ய, தரையில் கோடு போட்டுத் தள்ளிப் பார்த்தார்கள். எதிர்த்தவர்களின் தலைவர் யுகியோமா. தோற்ற அவர் தரப்பு அன்றே மூட்டை கட்டியது.

வரலாற்றில் இது இரண்டு தலைவர்களின் சண்டையாகத்தான் எழுதப்படுகிறது. வீட்டை இழந்தவர்கள் பெண்கள். தங்கள் கையால் மெழுகிய தரையையும், சுவரோரம் அடுக்கிய கதிரையும், பதித்த அம்மியையும் விட்டு, தூக்க முடிந்ததை மட்டும் முதுகில் சுமந்து நடந்தார்கள். வடமேற்கே சில மைல் தொலைவில் ஹோட்வில்லா என்ற சுனையருகே ஒதுங்கினார்கள். சில வாரங்களில் படை வந்தது. ஆண்களில் பலரைக் கைது செய்து கொண்டுபோனார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுபோனார்கள். அந்தக் குளிர்காலத்தில் அரைகுறைக் குடில்களில் விறகு பொறுக்கி ஊரைத் தாங்கிப் பிடித்தவர்கள் பெண்களும் முதியவர்களும்தான். ஹோட்வில்லா இன்றும் இருக்கிறது.

அப்போது கீம்ஸ் கேன்யனுக்குக் கொண்டுபோகப்பட்ட பிள்ளைகளில் ஹெலன் என்ற எட்டு வயதுச் சிறுமியும் ஒருத்தி. பின்னாளில் ஹெலன் செகாக்வாப்டேவா என்ற பெயரில் தன் வாழ்க்கையைச் சொல்லிப் பதிவு செய்தவர். கீம்ஸ் கேன்யன், பிறகு ஃபீனிக்ஸ் என்று பள்ளிகளிலேயே வளர்ந்தார். படிப்பு அவருக்குப் பிடித்தது; அதை அவர் மறைக்கவில்லை. பள்ளியில் பழகிய எமரியை மணக்கும் வயது வந்தபோது சட்டப்படியும் மணந்தார், ஹோப்பி முறைப்படியும் மணந்தார். தையல் இயந்திரமும் இரும்பு அடுப்பும் பழகிய பெண், மணமகன் வீட்டுக்குப் போய், அம்மியின் முன் மண்டியிட்டு வெள்ளை மக்காச்சோளத்தை அரைத்தார். அந்த வீட்டு ஆண்கள் அவருக்காகப் பருத்தி நூற்கத் தொடங்கினார்கள்.